தச்சார்: ஸ்பானிஷும் போர்ச்சுகீசும் பட்டம் கட்டும் விதம்

கேள்வி: "ஸ்பானிஷ் ஓரளவு படித்துவிட்டு இப்போது போர்ச்சுகீஸ் தொடங்கியிருக்கிறேன். ஸ்பானிஷ் செய்திகளில் 'தச்சார்' என்ற வினைச்சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. அகராதி 'எழுதியதைக் கோடு போட்டு அடித்தல்' என்கிறது. ஆனால் செய்தியில் மனிதர்களைத்தான் 'தச்சார்' செய்கிறார்கள். போர்ச்சுகீஸில் இதே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருக்கிறது; எது சரி? கடைசியாக ஒரு வரி: 'தச்சாரோன் லா ப்ரொபுவெஸ்தா தெ அம்பிசியோசா'. இது அந்தத் திட்டத்தைப் பாராட்டுகிறதா, திட்டுகிறதா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலில் ஒரு வரி: திட்டுகிறது. ஏன் என்பதைச் சொல்ல மற்ற இரண்டு கேள்விகளையும் தாண்டித்தான் வர வேண்டும்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் "பட்டம் கட்டுவது". "அவருக்குத் துரோகிப் பட்டம் கட்டிவிட்டார்கள்", "அந்தப் பெண்ணுக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டினார்கள்" என்று நாம் சொல்லும் இடத்தில் ஸ்பானிஷ்காரர் 'தச்சார் தெ' போடுவார். "முத்திரை குத்துவது" என்றும் எழுதலாம். ஆனால் "ஜனரஞ்சக எழுத்தாளர் என்று முத்திரை குத்தினார்கள்" என்கிறபோது அதில் வகை பிரிக்கும் வேலையும் கலந்திருக்கிறது. தச்சாரில் அது கிடையாது, இழிவு மட்டும்தான். அதனால் நான் பட்டத்தையே விரும்புகிறேன்.

அடிப்பதும் பட்டம் கட்டுவதும் எப்படி ஒரே சொல்லில் சேர்ந்தன? இரண்டுக்கும் தாய் 'தச்சா' என்ற பெயர்ச்சொல். பிரெஞ்சில் கறை, புள்ளி என்ற பொருளில் இருந்த சொல் ஸ்பானிஷுக்கும் போர்ச்சுகீஸுக்கும் வந்து, குறை, களங்கம் என்று நிலைத்தது. பழைய பிரெஞ்சில் அது நல்ல குணத்துக்கும் கெட்ட குணத்துக்கும் பொதுவாக இருந்தது. பிரெனீஸ் மலையைத் தாண்டி வந்த பிறகு கெட்டது மட்டும்தான் தங்கியது. 'சின் தச்சா' என்றால் களங்கமற்ற. 1524இல் போரில் இறந்த பிரெஞ்சு வீரர் பயார்டை ஸ்பானிஷில் இன்றும் "அச்சமும் தச்சாவும் இல்லாத வீரர்" என்கிறார்கள். தாளில் எழுதியதன்மேல் கறை போட்டால் அடித்தல். ஆள்மேல் போட்டால் பட்டம் கட்டுதல். வேலை ஒன்றே. (நம் ஊர்த் தச்சருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்டவர்கள் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

அடித்தல் என்ற பொருளிலும் நாட்டுக்கு நாடு ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்பெயினில் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் கட்சியின் பட்டியல் அச்சிட்ட தாளையே உறையில் போட்டு வாக்களிக்கிறார்கள். அந்தத் தாளில் ஒரு பெயரைத் 'தச்சார்' செய்தால், அதாவது அடித்தால், தேர்தல் சட்டத்தின் 96ஆம் பிரிவுப்படி அந்த வாக்கே செல்லாது. மெக்சிகோவிலோ பெருக்கல் குறி போடுவதைப் பேச்சில் தச்சார் என்பார்கள். அந்தக் குறிக்கே 'தச்சே' என்று பெயர். அங்கே வாக்குச்சீட்டில் ஒரு கட்சியின் கட்டத்தைத் தச்சார் செய்தால் அந்தக் கட்சிக்கு உங்கள் வாக்கு விழுந்துவிட்டது. ஓர் ஊரில் ஒழிக, இன்னோர் ஊரில் வாழ்க. மெக்சிகோ பள்ளிப் பயிற்சித்தாளை மொழிபெயர்க்கும்போது "சரியான விடையைத் தச்சார் செய்க" என்று வந்தால் திகைக்க வேண்டாம். அடிக்கச் சொல்லவில்லை, குறி போடத்தான் சொல்கிறது.

இனி பட்டம் கட்டும் பொருளின் இலக்கணம். அமைப்பு எளிது: யாரை என்பது செயப்படுபொருளாக வரும், பிறகு 'தெ', பிறகு பட்டம். பட்டம் பெயரடையாகவோ பெயர்ச்சொல்லாகவோ இருக்கலாம். ஆனால் அது ஆளோடு பாலிலும் எண்ணிலும் ஒத்துப்போக வேண்டும். தமிழர்கள் வழுக்குவது இங்கேதான். "லோ தச்சாரோன் தெ லோக்கோ" என்றால் அவனைப் பைத்தியம் என்றார்கள். அவளை என்றால் "லா தச்சாரோன் தெ லோக்கா". அவர்களை என்றால் "லோஸ் தச்சாரோன் தெ லோக்கோஸ்". நமக்குப் பைத்தியம் எல்லோருக்கும் பைத்தியம்தான் என்பதால் வால் மாற மறந்துவிடும். 'தெ'யை விடவும் கூடாது. அதை விட்டுவிட்டால் அவன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டதாக அர்த்தம் போகும்.

பக்கத்து வீட்டு வினையான 'அகுசார்' (குற்றம் சாட்டுதல்) உடன் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அகுசாருக்குப் பிறகு செயல் வரும்: துரோகம் செய்ததாக, பொய் சொன்னதாக, பணம் எடுத்ததாக. தச்சாருக்குப் பிறகு ஆளின் இயல்பு வரும்: துரோகி, பொய்யன், திருடன். குற்றச்சாட்டை மறுக்கலாம், அன்று நான் ஊரிலேயே இல்லை என்று சாட்சி கொண்டுவரலாம். பட்டத்துக்கு என்ன சாட்சி கொண்டுவருவது? "நான் கஞ்சன் இல்லை" என்று நிரூபிக்கத் தொடங்கினாலே பாதிக் கஞ்சன் ஆகிவிடுகிறோம். என் பார்வையில் இந்தச் சொல்லின் சாரம் இதுதான்: செயலை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பது.

அடுத்து, இந்தச் சொல் யார் வாயில் வருகிறது என்று கவனியுங்கள். "நான் அவனைப் பொய்யன் என்று தச்சார் செய்கிறேன்" என்று தன்மையில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. திட்ட நினைக்கிறவர் நேரடியாகத் திட்டுவார். பெரும்பாலும் படர்க்கைப் பன்மையிலோ செயப்பாட்டு வினையிலோதான் வரும்: பட்டம் கட்டினார்கள், பட்டம் கட்டப்பட்டார். சொல்பவர் ஓர் எட்டு தள்ளி நின்று, "இது அவர்கள் வைத்த பெயர், நான் வைத்ததல்ல" என்று காட்டிக்கொள்கிறார். சில சமயம் "அந்தப் பெயர் நியாயமில்லை" என்ற தொனியும் சேர்ந்துகொள்ளும். "எதிர்க்கட்சி அவரைச் சர்வாதிகாரி என்றது" என்பதற்கும் "எதிர்க்கட்சி அவருக்குச் சர்வாதிகாரிப் பட்டம் கட்டியது" என்பதற்கும் தமிழிலேயே எவ்வளவு தூரம்! இரண்டாவதை எழுதும் நிருபர் யார் பக்கம் சாய்கிறார் என்று வாசகருக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும்.

தன்மையில் இந்தச் சொல் இயல்பாக வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே பேசுகிறவர் பட்டத்தை வாங்கிக்கொள்கிற பக்கம் நிற்கிறார். "மெ தச்சரான் தெ எக்ஸாஹெராதோ, பெரோ..." அதாவது, "மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், ஆனால்..." அடி விழுவதற்கு முன்பே கையைத் தூக்கித் தடுக்கும் தந்திரம். கட்டுரை எழுதுவோருக்கும் வானொலியில் பேசுவோருக்கும் மிகப் பிடித்த தொடக்கம் இது. பிரேசிலிலும் அப்படியே: "போதெங் மி தஷார் ஜி லோக்கு, மாஸ்..." என்றால் "என்னைப் பைத்தியம் என்றாலும் சரி, ஆனால்...". இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் பேச்சில் உள்ளூர் வாடை வந்துவிடும்.

நல்ல குணங்களோடு இந்த வினை சேராது. "அவரைப் புத்திசாலி என்று தச்சார் செய்தார்கள்" என்றால் கேட்பவர் சிரிப்பார், அல்லது புத்திசாலித்தனத்தை அந்த ஊரில் குற்றமாக நினைக்கிறார்கள் போலும் என்று எடுத்துக்கொள்வார். இரண்டுங்கெட்டான் சொற்களில்தான் வினை தன் வேலையைக் காட்டும். 'இதெயாலிஸ்தா' (இலட்சியவாதி) என்ற சொல்லில் இழிவு ஏதும் இல்லை. "லோ தச்சாரோன் தெ இதெயாலிஸ்தா" என்று வந்த உடனே அது "நடைமுறை தெரியாத கனவுக்காரன்" ஆகிவிடும். பெயரடையின் நிறத்தை வினை முடிவு செய்கிறது. நடுநிலையாகச் சொல்ல விரும்பினால் 'கலிஃபிகார் தெ' என்ற வினை இருக்கிறது. அது நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொது.

நீதிமன்றத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு கறாரான வாழ்க்கை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஸ்பானிஷ் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு 'சாட்சிகளின் தச்சா' பற்றியது. எதிர்த்தரப்பு கொண்டுவந்த சாட்சி அந்தத் தரப்புக்குச் சொந்தக்காரர், அவரிடம் வேலை பார்ப்பவர், வழக்கில் ஆதாயம் உள்ளவர், நெருங்கிய நண்பர் அல்லது பகைவர், முன்பு பொய்ச்சாட்சிக்காகத் தண்டனை பெற்றவர் என்றால் அவர்மேல் தச்சா எழுப்பலாம். இதனால் அவர் கூண்டில் ஏற முடியாமல் போகாது. அவர் பேசுவார், அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று நீதிபதி எடைபோடும்போது இந்தக் கறையும் தராசில் இருக்கும். பெருவில் இன்னும் ஒரு படி மேலே. வேட்பாளர் பட்டியல் வெளியான 3 நாட்களுக்குள், வாக்காளராகப் பதிவான எந்தக் குடிமகனும் ஒரு வேட்பாளர்மேல் 'தச்சா' தாக்கல் செய்யலாம்; தேர்தல் நடுவர் மன்றம் ஏற்றுக்கொண்டால் அந்த வேட்பாளர் போட்டியிலிருந்து விலக்கப்படுவார். தேர்தல் காலத்தில் லீமா நாளிதழ்களைத் திறந்தால் இந்தச் சொல் தலைப்புகளில் நிற்கும். அங்கே அதை "பட்டம்" என்று பெயர்த்தால் தவறு. "வேட்புமனு ஆட்சேபம்" என்று எழுதுங்கள்.

இதே பெயர்ச்சொல் இன்னொரு வகைப் பத்திரத்திலும் இருந்தது. ஸ்பானிஷ் அமெரிக்காவில் ஆப்பிரிக்க அடிமைகளை விற்றபோது நொத்தாரிசு எழுதிய விற்பனைப் பத்திரங்களில், விற்கப்படும் மனிதரின் தச்சாக்களைச் சொல்வது வழக்கம்: ஓடிப்போகிறவன், குடிப்பவன், திருடுகிறவன், நோயுள்ளவன். மறைத்து விற்றால் வாங்கியவர் வழக்குப் போடலாம். கால்நடைக்கும் அதே சொல்தான். ஓடிப்போக நினைத்தது ஒருவருடைய குறையாகப் பத்திரத்தில் ஏறுகிறது என்றால், பட்டம் கட்டுகிறவர் யார், சுமக்கிறவர் யார் என்பது அந்தச் சொல்லில் எவ்வளவு காலமாக ஊறியிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்பானிஷை முடிக்குமுன் 'தில்தார்' பற்றியும் சொல்ல வேண்டும். செய்தியில் அதுவும் சம அளவில் வரும். "லோ தில்தாரோன் தெ ராசிஸ்தா" என்றால் அவரை இனவெறியர் என்றார்கள். அமைப்பும் தொனியும் தச்சாரைப் போலவே. அதன் வேர் 'தில்தே', அதாவது எழுத்தின் தலையில் போடும் குறி. 'ன்ய' ஒலி எழுத்தின்மேல் நெளியும் அந்த அலைக்கோடும் தில்தேதான். அதற்கும் பின்னால் லத்தீனின் 'தித்துலுஸ்': மேலே எழுதி மாட்டும் பலகை, தலைப்பு. ஏசுவின் சிலுவை உச்சியில் அடித்த பலகைக்கும் லத்தீன் பைபிளில் அந்தச் சொல்தான். ஆக, பட்டம் கட்டும் வினைகளில் ஒன்று கறை, இன்னொன்று தலைக்குறி. 'ரொத்துலார்' என்பது ஸ்பானிஷில் பெரும்பாலும் பலகை எழுதுவது, வரைபடத்தில் பெயர் எழுதுவது என்ற அளவில் நிற்கிறது. ஸ்பெயினில் ஸ்கெட்ச் பேனாவுக்கு 'ரொத்துலதோர்' என்றுதான் பெயர். போர்ச்சுகீஸில் அதே வினை உணவுப் பொட்டலத்தில் லேபிள் ஒட்டுவதற்கும் மனிதர்களை வகைப்படுத்தி ஒதுக்குவதற்கும் தாராளமாகப் பயன்படுகிறது. நம் "முத்திரை குத்துவது" அங்கேதான் சரியாகப் பொருந்தும்.

இப்போது போர்ச்சுகீஸின் தகராறு. அங்கே இரண்டு வினைகள்: ஒன்று சி-ஹெச் எழுத்துகளோடு, மற்றது எக்ஸ் எழுத்தோடு. வாயில் இரண்டும் ஒன்றே: 'தஷார்'. சி-ஹெச் தஷார் என்பது நாம் இதுவரை பேசிய பட்டம் கட்டுதல். எக்ஸ் தஷார் என்பது வரி விதித்தல், விலை நிர்ணயித்தல். ஸ்பானிஷில் வரிக்கும் விலைக்கும் உரிய சகோதரச் சொல் 'தசார்'. ஒலியே வேறு என்பதால் அங்கே குழப்பம் கிடையாது. போர்ச்சுகீஸிலும் முன்பு இல்லை. சி-ஹெச் கூட்டு அந்தக் காலத்தில் நம் "பச்சை"யில் வரும் ச்ச போல ஒலித்தது. எக்ஸ் 'ஷ' என ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கே லிஸ்பன் பக்கம் இரண்டும் கலந்து, சி-ஹெச்சும் 'ஷ' ஆகிவிட்டது. போர்ச்சுகலின் வடகிழக்கு மலைப்பகுதியில் இன்னும் சிலர் பழைய ஒலியை வைத்திருக்கிறார்கள். வடக்கே எல்லை தாண்டினால் கலீசிய மொழியில் எல்லோரும் இன்றும் 'தச்சார்', 'தஷார்' என்று பிரித்தே பேசுகிறார்கள், பிரித்தே எழுதுகிறார்கள்.

இந்த ஒலி மாற்றத்துக்கு ஒரு சாட்சி நம் வீட்டுப் பூட்டில் தொங்குகிறது. "சாவி" போர்ச்சுகீஸ் சொல். இன்று லிஸ்பனில் அதை 'ஷாவ்' என்கிறார்கள். ஆனால் கப்பலில் வந்தவர்கள் நம் கரைகளில் விட்டுச்சென்ற காலத்தில் அது ச்ச ஒலியோடு இருந்தது. அதனால்தான் மலையாளத்தில் அழுத்தமான ச வைத்த சாவி, இந்தியில் சாபி. தமிழில் சொல் முதல் சகரம் இளகி ஒலிப்பதால் நமக்கு வேறுபாடு உறைப்பதில்லை. மலையாளியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், பழைய லிஸ்பன் காதில் விழும்.

ஒலி ஒன்றானதும் எழுத்துப் பிழை பெருகியது. பிரேசிலில் அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் ஒலியொத்த சொற்கள் பட்டியலில் இந்த ஜோடி தவறாமல் இருக்கும். கூடவே வங்கிக் காசோலையும் சதுரங்கத்தின் 'செக்'கும்: அங்கேயும் ஒன்று சி-ஹெச், ஒன்று எக்ஸ். நமக்கு ல, ள, ழ போல அவர்களுக்கு இது.

2024இல் இந்த இரட்டைச் சொல் அரசியலுக்கே வந்துவிட்டது. 50 டாலர் வரையிலான வெளிநாட்டு இணையக் கொள்முதலுக்கு 20 சதவீத இறக்குமதி வரி அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சீனத் தளங்களில் மலிவு மேல்சட்டை வாங்குவோர் கொதித்துப்போய் அதற்கு 'தஷா தாஸ் ப்ளுஸிஞாஸ்', அதாவது குட்டிச் சட்டை வரி, என்று பெயர் வைத்தார்கள். அன்றைய பிரேசில் நிதியமைச்சர் ஃபெர்னாந்து ஹதாடின் பெயரைத் திரித்து எக்ஸ் எழுத்தோடு 'தஷாட்' என்று கேலிப் படங்கள் ஜூலையில் பறந்தன. வரி போடுகிறவர் என்று அவருக்குப் பட்டம் கட்டினார்கள் என்பதை எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு தஷாரும் வரும்: பட்டம் சி-ஹெச், வரி எக்ஸ். அந்த வாரங்களில் சமூக ஊடகங்களில் பிழையில்லாமல் எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"எது சரி?" என்று கேட்டீர்கள். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. எக்ஸ் தஷாரை "இன்னார் இப்படிப்பட்டவர் என்று கருதுதல்" என்ற பொருளிலும் பெரிய போர்ச்சுகீஸ் அகராதிகள் ஏற்றிருக்கின்றன. அதன் லத்தீன் மூலமான 'தக்ஸாரே'யே மதிப்பிடுதல், குறைகூறுதல் இரண்டையும் குறித்ததுதான். எனவே எக்ஸ் போட்டு "தஷார் ஜி" என்று எழுதியவரை உடனே பிழை செய்தவர் எனச் சொல்லிவிட முடியாது. அகராதிக் கணக்கில் வேறுபாடு இது: சி-ஹெச் வினை கெட்டதற்கு மட்டும், எக்ஸ் வினை மேதை என்பதற்கும் வரலாம், மடையன் என்பதற்கும் வரலாம். ஆனால் நடைமுறையில் ஆசிரியரும் பிழைதிருத்துபவரும் எக்ஸைக் கண்டால் சிவப்பு மை எடுத்துவிடுவார்கள். கற்கிற நிலையில் அகராதியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு சண்டைக்குப் போவது வீண். கெட்ட பட்டத்துக்கு சி-ஹெச், வரிக்கு எக்ஸ், நல்லதுக்கு வேறு வினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானிஷிலிருந்து வருகிறவருக்கு இன்னும் ஒரு பொறி. பெயரைப் பட்டியலிலிருந்து அடிப்பதற்குப் போர்ச்சுகீஸில் இயல்பான வினை 'ரிஸ்கார்', தஷார் அல்ல. பிரேசில் கணினிகளில் மட்டும், எழுத்தின் குறுக்கே கோடு போடும் பொத்தானுக்கு 'தஷாது' என்று பெயர் இருக்கிறது. போர்ச்சுகலில் அதே பொத்தான் 'ரசுராது'. இலக்கண அமைப்பு ஸ்பானிஷைப் போலத்தான்: ஆள், பிறகு 'ஜி' அல்லது 'த' (பிரேசிலா போர்ச்சுகலா என்பதைப் பொறுத்து), பிறகு பால், எண் ஒத்த பட்டம். அவளை என்ற சுட்டை போர்ச்சுகலில் வினைக்குப் பின் ஒட்டுவார்கள், பிரேசிலில் முன்னால் வைப்பார்கள்.

இனி உங்கள் வரி. 'அம்பிசியோசா' என்ற பெயரடை ஸ்பானிஷில் இரண்டு பக்கமும் சாயும்: திட்டத்தைப் பற்றிச் சொன்னால் துணிச்சலானது, பெரியது என்ற மெச்சுதலாகவும் இருக்கலாம். வினை கலிஃபிகாராக இருந்திருந்தால் எந்தப் பக்கம் என்று அடுத்த வரியைப் பார்க்க வேண்டியிருக்கும். தச்சார் வந்துவிட்டதால் கதவு அடைபட்டுவிட்டது: "திட்டம் கைக்கு எட்டாதது என்று குறை கூறினர்" அல்லது "பேராசைத் திட்டம் என்று பட்டம் கட்டினர்". ஒரே ஓர் எச்சரிக்கை. ஒரே வினையைத் திரும்ப எழுத அலுத்துப்போய், தச்சாரையும் தில்தாரையும் கலிஃபிகாருக்கு மாற்றாகப் போட்டுவிடும் அவசரக்கார நிருபர்கள் உண்டு. நடை வழிகாட்டிகள் இதைக் கண்டித்துக்கொண்டேதான் இருக்கின்றன. எனவே அப்படிச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். திட்டத்தை முன்வைத்த கட்சியே என்றால் அது நிருபரின் கவனக்குறைவு. "பெரும் இலக்குகள் கொண்ட திட்டம்" என்று பெயர்த்துவிட்டு மேலே போகலாம்.